எண்டோமெட்ரியோசிஸ் வலியும் வயிற்று உப்புசமும்: நம் வீட்டுச் சமையலைக் கொண்டே படிப்படியாக ஓர் உணவுத் திட்டம்

கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே, அதாவது சினைப்பை, கருக்குழாய், கருப்பைக்குப் பின்புறமுள்ள இடுக்கு, மலக்குடல், சிறுநீர்ப்பை போன்ற இடங்களில் வளர்வதையே எண்டோமெட்ரியோசிஸ் என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். உலகில் இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனாலும் “மாதவிடாய் என்றால் வலிக்கத்தான் செய்யும்” என்று சொல்லிச் சொல்லியே பல ஆண்டுகள் கழிந்த பிறகுதான் பெரும்பாலான பெண்களுக்கு நோயின் பெயரே தெரியவருகிறது. பெயர் தெரிந்த அன்றே அவர்களுடைய தட்டின் மீது எல்லோருடைய கண்ணும் விழுந்துவிடுகிறது. பாலை நிறுத்து, கோதுமையைத் தொடாதே, சர்க்கரையை ஒழி, கறியை விடு என்று ஆளுக்கொரு பட்டியல் வந்து சேர்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எந்த உணவும் ஏற்கெனவே வளர்ந்துவிட்ட திசுவைக் கரைப்பதில்லை; சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கி உருவாகும் சாக்லேட் கட்டியைச் சுருக்குவதும் இல்லை. மனித இனப்பெருக்கம் மற்றும் கருவியலுக்கான ஐரோப்பியச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இந்த நோய்க்கென்று குறிப்பிட்ட ஓர் உணவுமுறையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே சொல்கிறது. அப்படியிருந்தும் உணவைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் உண்டு. இந்த நோயோடு வாழும் பெண்ணின் அன்றாடத் துன்பத்தில் பெரும்பங்கு வயிற்று உப்புசமாகவும், மலச்சிக்கலாகவும், வயிற்றுப்போக்காகவும், இரத்தசோகையால் வரும் அசதியாகவும் இருக்கிறது. இவை ஒவ்வொன்றையும் உணவால் கணிசமாகக் குறைக்க முடியும். அதற்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் விலக்கக் கூடாது. ஒவ்வொரு மாற்றமாகச் செய்து, குறித்து வைத்து, பலன் தராத கட்டுப்பாட்டைத் தயங்காமல் கைவிட வேண்டும்.

படி 1: சமையலறைக்குப் போகும் முன் சில பரிசோதனைகள்

ஸ்கேன், மகப்பேறு மருத்துவரின் உடற்பரிசோதனை, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. அல்லது லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியாகக் கருவியைச் செலுத்தி வயிற்றுக்குள் பார்ப்பது) ஆகியவற்றின் வழியாக நோயை உறுதிசெய்வது முதல் வேலை. குடலில் நோய் பரவியிருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஆழமாகப் பரவிக் குடல் குறுகியிருந்தால், நார்ச்சத்தை அதிகமாகச் சாப்பிடச் சொல்லும் பொதுவான அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது. அது வலியைக் கூட்டவும் அடைப்பை உண்டாக்கவும் கூடும்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்பின் இருப்பைக் காட்டுவது), வைட்டமின் டி, வைட்டமின் பி12, தைராய்டு ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. கோதுமையை நிறுத்தும் எண்ணம் இருந்தால், நிறுத்துவதற்கு முன்பே, கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். கோதுமையை விட்டுச் சில வாரங்கள் ஆகிவிட்டால், நோய் இருந்தாலும் பரிசோதனை இல்லை என்று காட்டிவிடலாம். தென்னிந்தியாவில் சீலியாக் நோய் வட மாநிலங்களைவிட மிகக் குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம், காய்ச்சலோடு வரும் அடிவயிற்று வலி, மயக்கம், திடீரென்று தாங்க முடியாத வலி, காரணமில்லாத எடை இழப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் உணவுத் திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

படி 2: உணவை மாற்றாமல் குறிப்பேடு எழுதுதல்

இந்தப் படியைத் தாண்டிப் போகவே எல்லோரும் விரும்புவார்கள். ஆனால் முழுத் திட்டமும் நிற்பது இதன் மேல்தான். குறைந்தது ஒரு முழு மாதவிடாய்ச் சுழற்சிக்கு, முடிந்தால் இரண்டுக்கு, வழக்கமான உணவையே சாப்பிட்டுக்கொண்டு குறிப்பெழுத வேண்டும். அன்று சுழற்சியின் எத்தனையாவது நாள், என்ன சாப்பிட்டோம், வலி 0 முதல் 10 வரையில் எவ்வளவு, உப்புசம் எப்போது தொடங்கியது, மலம் எப்படிப் போயிற்று, எந்த மாத்திரை போட்டோம், எவ்வளவு நேரம் தூங்கினோம் என்பவை போதும். ஒரு நாளின் குறிப்பு இப்படி இருக்கலாம்:

“24-ஆம் நாள். காலை 8 மணி: வெண்பொங்கல், சின்ன வெங்காயச் சாம்பார், காபி. 11 மணி: வயிறு உப்பிச் சுடிதார் நாடாவைத் தளர்த்த வேண்டியிருந்தது. வலி 3. மதியம்: தயிர்சாதம், உருளைக்கிழங்கு, உப்புசம் கூடவில்லை. இரவு மலம் கழிக்கும்போது வலி 6. மாத்திரை இல்லை. தூக்கம் 5 மணி நேரம்.”

சுழற்சி நாளைக் குறிப்பது ஏன் முக்கியம் என்றால், மாதவிடாய்க்கு முந்தைய வாரத்திலும் மாதவிடாய் நாட்களிலும் ஹார்மோன் மாற்றங்களாலும், புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்களாலும் குடல் தானாகவே தொல்லை கொடுக்கும். 26-ஆம் நாள் சாப்பிட்ட சப்பாத்தியைக் குற்றவாளி ஆக்கும் முன், அதே சப்பாத்தியை 9-ஆம் நாள் சாப்பிட்டபோது என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். ஒத்த நாளை ஒத்த நாளோடுதான் ஒப்பிட வேண்டும். ஹார்மோன் மாத்திரையால் மாதவிடாயே நின்றுபோயிருப்பவர்கள் தேதியைக் குறித்துக்கொண்டால் போதும்.

படி 3: விலக்குவதற்கு முன் சேர்த்தல்

இந்த நோய் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனைச் சார்ந்து வளர்வது. உடலுக்குள் நீடித்த அழற்சியை உண்டாக்குவது. ஆகவே அழற்சியைத் தூண்டும் கொழுப்பைக் குறைத்து, தணிக்கும் கொழுப்பைக் கூட்டுவதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கச் செவிலியரை நீண்ட காலம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்றிலிருந்து, 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவை வைத்து 2010-இல் முடிவுகள் வெளியாயின. நீண்ட சங்கிலி ஒமேகா-3 கொழுப்பை மிகுதியாக உண்டவர்களுக்கு இந்த நோய் கண்டறியப்படும் வாய்ப்பு 22 சதவீதம் குறைவாகவும், டிரான்ஸ் கொழுப்பை மிகுதியாக உண்டவர்களுக்கு 48 சதவீதம் அதிகமாகவும் இருந்தது. அதே குழுவினரிடமிருந்து 2018-இல் வந்த மற்றொரு முடிவின்படி, ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் சிவப்பு இறைச்சி உண்டவர்களுக்கு, வாரத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ உண்டவர்களைவிட வாய்ப்பு 56 சதவீதம் அதிகம். இவை நோய் வரும் வாய்ப்பைப் பற்றியவை. வந்துவிட்ட நோயின் வலி உணவால் குறையும் என்பதற்கு இவற்றை நேரடிச் சான்றாகக் கொள்ளக் கூடாது. மேலும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டுக்கறி எடுக்கும் வீட்டை, தினமும் இரண்டு வேளை மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ உண்ணும் பழக்கத்தோடு ஒப்பிட்டுப் பயப்படவும் தேவையில்லை.

நம் கடற்கரையில் ஒமேகா-3 மிகுந்த மீன்கள் விலை குறைந்த மீன்களாகவே இருப்பது நமக்கு வாய்த்த நன்மை. மத்தி, அயிலை எனப்படும் கானாங்கெளுத்தி, நெத்திலி ஆகியவற்றை வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை சாப்பிடலாம். பெரிய மீன்களைவிட இவற்றில் பாதரசமும் குறைவு. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிப்பதைவிடக் குழம்பாகவோ, வாழையிலையில் வைத்துச் சுட்டோ உண்பது மேல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் விலை ஏறும். அந்த 61 நாட்களிலும் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மத்தியும் நெத்திலியும் கிடைக்கும் ஊர்களில் கவலையில்லை. கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் அதை மீனுக்கு மாற்றாக நம்பியிருக்க வேண்டாம்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஆளி விதையும் அக்ரூட் பருப்பும் உண்டு. ஆளி விதையை முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும். லேசாக வறுத்துப் பொடித்து, இட்லிப் பொடியோடு கலந்து, நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி வரை சேர்க்கலாம். தாவரங்களில் இருக்கும் ஒமேகா-3 உடலில் மிகச் சிறிதளவே மீனில் உள்ள வகையாக மாறுகிறது என்பதால், விரும்புகிறவர்கள் நுண்பாசியிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

டிரான்ஸ் கொழுப்பைப் பொறுத்தவரை, 2022 ஜனவரி முதல் எண்ணெயிலும் வனஸ்பதியிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு விதித்துவிட்டது. இருப்பினும் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த கடைப் பலகாரம், பஃப்ஸ் போன்ற பேக்கரிப் பண்டங்கள் ஆகியவற்றை எப்போதாவது என்று வைத்துக்கொள்வதே சரி.

படி 4: இரும்புக் கணக்கைச் சரிசெய்தல்

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று தெரியவந்தது. மாதந்தோறும் அதிகமாக இரத்தப்போக்கு ஏற்படும் பெண்ணின் நிலை இதைவிட மோசமாகவே இருக்கும். மூச்சிரைப்பு, தலைசுற்றல், முடி உதிர்வு, படியேறினால் களைப்பு என்பவற்றை எண்டோமெட்ரியோசிஸின் கணக்கில் எழுதிவிட்டு, மருந்தால் சரியாகக்கூடிய இரும்புக் குறைபாட்டைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அறிக்கையில் “சரியான அளவு” என்று இருப்பதாலேயே இருப்பு போதுமானது என்று முடிவுகட்ட முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. முருங்கைக்கீரையைப் பற்றி நமக்குள்ள நம்பிக்கை பெரியது. ஆனால் 100 கிராம் பச்சைக் கீரையில் உள்ள இரும்பு ஏறத்தாழ 4.5 மில்லிகிராம்தான், அதிலும் ஒரு சிறு பகுதியே உடலில் சேரும். எனவே கீரையைக் கட்டாயம் சாப்பிடுங்கள், ஆனால் கீரையை மட்டும் நம்பியிருக்காதீர்கள். கீரை, எள், அவல், பயறு ஆகியவற்றோடு எலுமிச்சைச் சாறோ, நெல்லிக்காய்த் துவையலோ, ஒரு கொய்யாப்பழமோ சேர்ந்தால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். சாப்பாட்டோடும் சாப்பிட்ட உடனேயும் குடிக்கும் தேநீரும் காபியும் அதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அசைவம் உண்பவர்களுக்கு ஆட்டு ஈரல், மண்ணீரல், மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பு எளிதில் சேரும். கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் மட்டும் ஈரலை அளவோடு நிறுத்த வேண்டும், ஏனெனில் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

குறைபாடு உறுதியானால் மாத்திரை தேவைதான். இரும்பு மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும். இந்த நோயில் மலச்சிக்கல் என்பது வலி. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுக்கலாமா, வேறு வகைக்கு மாற்றலாமா, ஊசி வழியாகச் செலுத்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த மூன்றும் நடைமுறையில் உள்ள வழிகளே.

படி 5: குடலைத் தணித்தல்

உணவால் கிடைக்கும் பலன் மிகவும் கண்கூடாகத் தெரிவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களுக்கு, குடல் எரிச்சல் நோய் (ஐ.பி.எஸ்.) மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குச் சென்று, அங்கே நொதித்து வாயுவாகி, நீரையும் இழுத்துக் குடலை உப்பச் செய்யும் சில மாவுப்பொருள்களை ஃபோட்மேப் என்ற பெயரில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் தொகுத்தார்கள். இவற்றைக் குறைத்த உணவை எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களுக்கு 28 நாட்கள் கொடுத்துப் பார்த்த அவர்களுடைய ஆய்வு 2025-இல் வெளியானது. அதில் அந்த உணவின்போது 60 சதவீதம் பேருக்கும், ஒப்பீட்டு உணவின்போது 26 சதவீதம் பேருக்கும் வயிற்றுத் தொல்லைகள் குறைந்தன. பங்கேற்றவர்கள் சிலரே என்றாலும், ஆய்வு ஒழுங்காக வடிவமைக்கப்பட்டது. சமைத்த உணவே வழங்கப்பட்டது என்பதால் முடிவுக்கு மதிப்பு உண்டு.

உப்புசம், வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை உங்கள் குறிப்பேட்டில் அடிக்கடி வந்திருந்தால் மட்டும் இந்தப் படியைச் செய்யுங்கள். இல்லையென்றால் இதைத் தொடவே வேண்டாம். எடை ஏற்கெனவே குறைவாக இருப்பவர்கள், உணவைக் கண்டு அஞ்சும் மனநிலை முன்பு இருந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் உணவியல் நிபுணரின் துணையில்லாமல் இதில் இறங்கக் கூடாது.

மாதவிடாய் முடிந்த மறுநாள் தொடங்குவது வசதி. நான்கு வாரங்கள் போதும். ஆறு வாரத்துக்கு மேல் நீட்டிக்கக் கூடாது. நம் சமையலில் முக்கியமாக ஒதுக்க வேண்டியவை பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா, ரவை, கொண்டைக்கடலை, ராஜ்மா, பொட்டுக்கடலை, அதிக அளவில் துவரம்பருப்பு, முந்திரி, காலிஃபிளவர், காளான், பால், மாம்பழம், தர்பூசணி, ஆப்பிள், தேன் ஆகியவை. தடையின்றி உண்ணக்கூடியவை அரிசி, உருளைக்கிழங்கு, கேரட், வெள்ளரி, பசலைக்கீரை, முட்டை, மீன், கோழி, வேர்க்கடலை, ஆரஞ்சு, பப்பாளி, அதிகம் கனியாத வாழைப்பழம், இஞ்சி, மஞ்சள், மிளகு, சீரகம், கறிவேப்பிலை, கொத்துமல்லி. கத்தரிக்காய், வெண்டைக்காய், பீன்ஸ், தக்காளி, தேங்காய் ஆகியவற்றை அளவோடு சேர்க்கலாம். உளுந்தில் உள்ள உப்புசப் பொருள்கள் மாவு புளிக்கும்போது குறைகின்றன என்பதால், நன்றாகப் புளித்த மாவில் வார்த்த இட்லி பலருக்கு ஒத்துக்கொள்கிறது. தொந்தரவு பெரும்பாலும் இட்லியில் இல்லை, அதன் மேல் ஊற்றும் சாம்பாரில் இருக்கிறது.

வெங்காயமும் பூண்டும் இல்லாமல் எப்படிச் சமைப்பது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பூண்டில் உள்ள தொல்லை தரும் பொருள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே ரசம் வைக்கும்போது இரண்டு கரண்டி நல்லெண்ணெயைச் சிறு தீயில் காயவைத்து, நான்கைந்து பூண்டுப் பற்களைக் கீறிப் போட்டுப் பொன்னிறமாகும் வரை விட்டு, ஒரு துண்டுகூட மிஞ்சாமல் அரித்து எடுத்துவிடுங்கள். மணம் முழுவதும் எண்ணெயில் இறங்கியிருக்கும். அந்த எண்ணெயிலேயே கடுகு, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகைப் பெருங்காயம், இடித்த மிளகு, சீரகம் தாளித்து, தக்காளியும் புளித்தண்ணீரும் ஊற்றி, பருப்புத் தண்ணீர் சேர்க்காமல் நுரை கட்டியதும் இறக்கினால் போதும். பூண்டைப் புளித்தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, பிறகு எடுத்துப் போடுவதால் பயனில்லை. பூண்டு எண்ணெயை மொத்தமாகச் செய்து வெளியில் வைத்திருக்கவும் கூடாது. ஆபத்தான நச்சுக் கிருமி அதில் வளரக்கூடும் என்பதால் அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியைத் தாராளமாகச் சேர்க்கலாம். வெள்ளைப் பகுதி ஆகாது.

கடையில் வாங்கும் பொருள்களில் கவனம் தேவை. மசாலாப் பொட்டலங்கள் பலவற்றில் வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் கலந்திருக்கும். சாம்பார்ப் பொடியில் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் இருக்கும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பதுண்டு. ஒரு சிட்டிகை என்பதால் உப்புசத்துக்குக் காரணமாகாது, ஆனால் சீலியாக் நோயாளிக்கு அதுவும் ஆகாது.

வீட்டில் ஒருவருக்காகத் தனிச் சமையல் என்பது நாலு நாளுக்கு மேல் ஓடாது. குழம்பு கொதித்ததும் அவருக்கான பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு வெங்காயம், பூண்டு வதக்கிச் சேர்ப்பது எளிய வழி. இதைப் பெரும்பாலும் நோயுள்ள பெண்ணே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் வருத்தம். அந்த நான்கு வாரங்களுக்காவது அடுப்படியில் இன்னொருவர் கை கொடுக்க வேண்டும்.

படி 6: ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தல்

நான்கு வாரத்தில் மாற்றம் எதுவும் இல்லையென்றால் ஃபோட்மேப் உங்கள் பிரச்சினை அல்ல. எல்லாவற்றையும் மறுபடி சாப்பிடத் தொடங்குங்கள். மாற்றம் இருந்தால், அதுவும் எல்லாவற்றையும் நிரந்தரமாக விலக்குவதற்கான உரிமம் ஆகாது. வெங்காயம், பூண்டு, பருப்பு ஆகியவை குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு இரை. நீண்ட காலம் விலக்கினால் அவை குறையும்.

ஒரு வாரத்தில் ஒரே ஒரு பொருளைச் சோதியுங்கள். உதாரணமாகப் பால் என்றால் முதல் நாள் கால் டம்ளர், இரண்டாம் நாள் அரை, மூன்றாம் நாள் முழு டம்ளர்; மற்ற உணவுகள் பழையபடியே. தொல்லை வந்தால் அங்கேயே நிறுத்தி, வயிறு அடங்கும் வரை காத்திருந்து அடுத்த பொருளுக்குச் செல்லுங்கள். பிறகு வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, பழம் என்று வரிசையாகப் பார்க்கலாம். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் எந்தச் சோதனையும் வேண்டாம். பருப்பைப் பாசிப்பருப்பிலிருந்து தொடங்குங்கள். முழுப் பயறுகளை இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய தண்ணீரையும் வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிட்டால் பாதித் தொந்தரவு போய்விடும். பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு பொருள்களே உண்மையில் ஒத்துக்கொள்ளாதவை. அவையும் சிறிய அளவில் ஒத்துக்கொள்வதுண்டு.

கோதுமை, பால், சோயா: மூன்றைப் பற்றி

கோதுமை முதலியவற்றில் உள்ள குளூட்டன் இல்லாத உணவை 12 மாதம் உண்ட 207 பெண்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு வலி குறைந்ததாக 2012-இல் இத்தாலியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இணையத்தில் காணும் பெரும்பாலான தடைகளுக்கு மூலம் இதுவே. ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. எனவே வலி குறைந்தது உணவாலா, காலத்தாலா, நம்பிக்கையாலா என்று பிரித்தறிய வழியில்லை. கோதுமையை விட்டபோது நலம் கிடைத்தால் அதில் உள்ள ஃபோட்மேப் குறைந்ததும் காரணமாக இருக்கலாம்.

பாலைப் பற்றிய அச்சத்துக்கு ஆதாரம் இன்னும் குறைவு. முன்னர்க் குறிப்பிட்ட செவிலியர் ஆய்வில் பால்பொருள்களை அதிகம் உண்டவர்களுக்கு நோய் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: இந்நோய்க்குப் பரவலாகத் தரப்படும் டைனோஜெஸ்ட் மாத்திரையை நீண்ட காலம் எடுத்தாலும், லியூப்ரோலைடு ஊசி போட்டாலும் எலும்பின் அடர்த்தி குறையலாம். அந்த மருந்தில் இருக்கும் பெண்ணிடம் பாலையும் நிறுத்தச் சொல்லிவிட்டு மாற்று எதுவும் சொல்லாமல் விடுவது பெரிய தீங்கு. நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. பால் ஒத்துக்கொள்ளாதவர் தயிர், கேழ்வரகு, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி, முருங்கைக்கீரை ஆகியவற்றால் ஈடுசெய்யலாம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது.

சோயாவைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அளவோடு சாப்பிடுவதை நிறுத்தத் தேவையில்லை. அதன் சாரத்தை மாத்திரையாக விழுங்கவும் தேவையில்லை.

படி 7: வலி மிகுந்த நாட்களுக்கான ஏற்பாடு

மாதவிடாய்க்கு ஐந்தாறு நாட்களுக்கு முன்பே மலச்சிக்கலைத் தடுக்கத் தொடங்கிவிட வேண்டும். மலக்குடலுக்கு அருகில் நோய் இருப்பவர்களுக்கு அந்த நாட்களில் இறுகிய மலம் கழிப்பதே பெரிய வேதனை. குடல் குறுக்கம் இல்லாதவர்கள் பப்பாளி, கீரை, போதிய தண்ணீர் ஆகியவற்றோடு, தேவைப்பட்டால் இரவில் ஒரு கரண்டி இசப்கோலைப் பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். அது மற்ற நார்ப்பொருள்களைப் போல வாயுவை அதிகம் உண்டாக்காது.

வலி நாட்களில் பெரிய சாப்பாடு இறங்காது. குழைந்த அரிசிக் கஞ்சி, இட்லி, மிளகு ரசச் சாதம், அவித்த முட்டை என்று சிறிது சிறிதாக இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை சாப்பிடுங்கள். மெஃபெனாமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில் போடக் கூடாது. எனவே முதல் நாள் காலையில் ஏதாவது வயிற்றுக்குள் போயிருப்பது அவசியம். சுக்குக் கஷாயம் குடிக்கலாம். சாதாரண மாதவிடாய் வலிக்கு இஞ்சி உதவுவதாகச் சில ஆய்வுகள் உள்ளன, எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு அதே உறுதியைத் தர முடியாது. பருவமடைந்த பெண்ணுக்கு நம் வீடுகளில் கிண்டித் தரும் உளுந்தங்களி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்ந்த சத்தான உணவு. உளுந்து ஒத்துக்கொள்ளும் வயிறாக இருந்தால் அந்த நாட்களில் அது நல்ல துணை. காபி குடித்ததும் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது என்று குறிப்பேடு சொன்னால், அந்த இரண்டு மூன்று நாட்கள் மட்டும் அதைக் குறையுங்கள். மதுவைத் தவிர்ப்பது நல்லது, முக்கியமாக வலி மாத்திரை போடும் நாட்களில்.

வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

வைட்டமின் டி குறைவாக இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் வலிக்கு மருந்தாக அதை எதிர்பார்க்க வேண்டாம்: இளம்பெண்களிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில் வைட்டமின் டி எடுத்தவர்களுக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் வலி குறைந்தது. சமையலில் சேர்க்கும் மஞ்சளால் தீங்கில்லை. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. “கட்டியை 90 நாளில் கரைக்கும்” என்று விற்கப்படும் பொடிகளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் குடும்பங்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. அந்தப் பணத்தில் மாதம் முழுக்க மீனும் முட்டையும் பழமும் வாங்கிவிடலாம். கருத்தரிக்க முயல்பவர்களுக்கு மட்டும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கட்டாயம். அதைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே எடுக்க வேண்டும்.

எடையைக் குறைத்தால் நோய் குறையும் என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்கள் பலர் ஒல்லியானவர்களே. பட்டினி கிடப்பதால் இரும்பும் புரதமும் எலும்பும்தான் குறையும்.

படி 8: மூன்று மாதங்களுக்குப் பின்

குறிப்பேட்டின் முதல் மாதத்தையும் மூன்றாம் மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலி மாத்திரை போட்ட நாட்கள், உப்புசமான நாட்கள், வேலைக்கோ கல்லூரிக்கோ போக முடியாமல் படுத்திருந்த நாட்கள் ஆகிய மூன்றையும் எண்ணினால் போதும். ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் திரும்பச் சோதியுங்கள். உப்புசம் குறைந்து வலி அப்படியே இருந்தால், உணவு தன் பங்கைச் செய்துவிட்டது என்று பொருள். மேலும் எதையும் விலக்கத் தேவையில்லை. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் சென்று, ஹார்மோன் மருந்தை மாற்றுவதா, இடுப்புத் தசைகளுக்கான பிசியோதெரபியைச் சேர்ப்பதா, அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பதா என்று கேளுங்கள். பேச்சில் சொல்லத் தயங்கும் வலிகளை, அதாவது உடலுறவின்போது வரும் வலி, மலம் கழிக்கும்போது வரும் வலி ஆகியவற்றை, அந்தக் குறிப்பேட்டில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருக்கும்போது பக்கத்தைத் திருப்பி மருத்துவரிடம் நீட்டிவிடலாம்.